ஊர்ப் பாசத்தை டிக்கெட்டுல காட்டுங்க, சேமிப்புல வேண்டாம்: டிகே ஏரியா சொல்லித்தரும் பணப் பாடம்



"கேரண்டி" என்ற வார்த்தையைப் பற்றிப் போன வாரம் சேனல்ல ஒரு வீடியோ போட்டிருந்தேன். அதுல ஒரு சினிமா உதாரணத்தை ரெண்டே நிமிஷத்துல சொல்லிட்டு நகர்ந்துட்டேன். அதை முழுசா எழுதுங்கன்னு நிறைய பேர் கேட்டீங்க. இதோ.

2016-ல் எனக்கு மாசச் சம்பளம் 24,000 ரூபாய். நாகர்கோவில்ல இருந்தேன். ஒரு நாள் சாயங்காலம் கூடப் படிச்ச நண்பன் டீக்கடைக்குக் கூப்பிட்டான். "மக்கா, ஒரு படம் இறங்குது கேட்டியா? டிகே ஏரியா நாங்க எடுக்கோம். மொத்தம் 20 லட்சம். நீயும் ஒரு லட்சம் போடு. மினிமம் கேரண்டியாக்கும், பயப்படாண்டாம்."

படத்துல நம்ம ஊர் வருதாம், நம்ம பேச்சு வருதாம். என் காதுல விழுந்தது ரெண்டே விஷயம்: "நம்ம ஊர்", "கேரண்டி". மறுநாளே பணத்தை அனுப்பிட்டேன். நாலு மாசம் கழிச்சுத் திரும்பி வந்தது 38,000 ரூபாய். போனது 62,000. அன்னைக்குச் சம்பளத்துக்கு ரெண்டரை மாச உழைப்பு.

நண்பன் என்னை ஏமாத்தலை. அவனுக்கும் நஷ்டம்தான். தப்பு என்னோடது. அந்தத் தொழில்ல பணம் எப்படி நகருதுன்னு தெரியாமலே உள்ளே போனேன். அந்தப் பாடத்தை இன்னைக்கு நீங்க இலவசமா படிச்சுக்கோங்க.

டிகே ஏரியான்னா என்ன?

தமிழ்நாட்டை சினிமா வியாபாரம் மாவட்டம் மாவட்டமா பார்க்கிறதில்லை, ஏரியா ஏரியாவா பார்க்குது. சென்னை நகரம் தனி. வட ஆற்காடு, தென் ஆற்காடு, செங்கல்பட்டு சேர்ந்தது என்எஸ்சி. அப்புறம் கோவை, சேலம், திருச்சி-தஞ்சாவூர், மதுரை-ராமநாதபுரம். கடைசியா திருநெல்வேலி-கன்னியாகுமரி, அதாவது டிகே.

பழைய மாவட்டப் பேர்கள் இன்னும் அப்படியே ஓடுது பாருங்க. தூத்துக்குடி 1986-லேயே தனி மாவட்டமாயிட்டு, தென்காசி 2019-ல் பிரிஞ்சுது. வியாபாரத்துக்கு எல்லாமே டிகேதான். குமரி மாவட்டமே 1956 நவம்பர் 1 அன்னைக்குத்தான் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்துல இருந்து தமிழ்நாட்டுக்கு வந்தது. களியக்காவிளை தாண்டினா கேரளா, அது வேற விற்பனை.

தயாரிப்பாளர் ஒரு படத்தை ஏரியா வாரியா விலை பேசுவார். அந்த விலைகளோட ஓடிடி, சாட்டிலைட், வெளிநாட்டு உரிமை எல்லாத்தையும் கூட்டித்தான் "இந்தப் படத்துக்கு இவ்வளவு செலவு பண்ணலாம்"னு முடிவாகும். இந்தக் கூட்டல்ல சின்னத் தொகை தர்ற ஏரியாக்கள்ல ஒண்ணு டிகே. இதை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

உங்க 150 ரூபாய் எங்க போகுது?

நீங்க 150 ரூபாய்க்கு ஒரு டிக்கெட் எடுக்கிறீங்க. 100 ரூபாய்க்கு மேல் போற டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். அதோட உள்ளாட்சியின் கேளிக்கை வரியும் உண்டு. எல்லாம் போக சுமார் 120 ரூபாய் மிஞ்சும்னு வச்சுக்குவோம்.

இந்த 120-ஐ தியேட்டரும் விநியோகஸ்தரும் பிரிச்சுக்குவாங்க. விகிதம் படத்துக்குப் படம், வாரத்துக்கு வாரம் மாறும். பொதுவா முதல் வாரம் விநியோகஸ்தர் பக்கம் அதிகம், அப்புறம் தியேட்டர் பக்கம் கூடும். நம்ம கணக்குக்கு முதல் வாரம் 60:40.

- தியேட்டருக்கு: 48 ரூபாய்
- விநியோகஸ்தருக்கு: 72 ரூபாய்

இந்த 72 லாபம் இல்லை. படம் வாங்கின விலை, போஸ்டர் செலவு, டிஜிட்டல் கட்டணம் எல்லாம் இதுல இருந்துதான் திரும்பணும். டிஜிட்டல் கட்டணம் சின்ன விஷயம்னு நினைக்காதீங்க. அதை யார் கட்டுறது என்ற தகராறுல 2018 மார்ச் 1-ல் இருந்து ஏப்ரல் மூணாவது வாரம் வரை புதுத் தமிழ்ப் படமே வெளியாகலை.

இப்போ என் நண்பனோட 20 லட்சத்தை இன்னைக்கு விலையில போட்டுப் பார்ப்போம். 20 லட்சத்தை 72-ஆல் வகுத்தா சுமார் 28,000 டிக்கெட். 40 தியேட்டர் கிடைக்குதுன்னே வச்சுக்குவோம். ஒரு தியேட்டருக்கு 700 டிக்கெட். தினம் 4 காட்சி, 7 நாள், மொத்தம் 28 காட்சி. ஒரு காட்சிக்கு 25 பேர்.

சின்ன நம்பரா தெரியுதா? பெரிய ஹீரோ இல்லாத ஒரு படத்துக்கு திங்கட்கிழமை காலைக் காட்சி போய்ப் பாருங்க. அதுவும் அந்தப் படம் திங்கட்கிழமை வரைக்கும் தியேட்டர்ல இருந்தாத்தான். கூட்டம் இல்லைன்னா சனிக்கிழமையே காட்சியைக் குறைச்சிடுவாங்க.

மூணு வகை ஒப்பந்தம்

1. அவுட்ரைட்: ஒரு விலை கொடுத்து அந்த ஏரியா உரிமையையே வாங்கிடுறது. லாபமும் உங்களுக்கு, நஷ்டமும் உங்களுக்கு. நீங்க பங்கு வாங்குற மாதிரி.

2. மினிமம் கேரண்டி, சுருக்கமா எம்ஜி: "படம் ஓடுதோ இல்லையோ, இவ்வளவு பணம் உறுதி"ன்னு விநியோகஸ்தர் தயாரிப்பாளருக்குத் தர்றது. நஷ்டம் விநியோகஸ்தரோடது. போட்டதை எடுத்த பிறகு மேல வர்ற தொகையை மட்டும் ஒப்பந்தப்படி ரெண்டு பேரும் பிரிச்சுக்குவாங்க.

3. கமிஷன்: விநியோகஸ்தர் படத்தைத் தியேட்டர்ல போட்டுக் கொடுத்து, வசூல்ல ஒரு சதவீதம் எடுத்துக்குவார். அட்வான்ஸ் கொடுத்திருந்தா, படம் ஓடலைன்னாலும் ஒப்பந்தப்படி அதைத் திரும்பக் கேட்கலாம். ரிஸ்க் பெரும்பாலும் தயாரிப்பாளரோடது.

ரெண்டாவதை இன்னொரு தடவை படிங்க. கேரண்டி தர்றது விநியோகஸ்தர், வாங்குறது தயாரிப்பாளர். நான் விநியோகஸ்தர் பக்கம் உட்கார்ந்திருந்தேன். அந்தக் கேரண்டி எனக்கு யாரும் தந்தது இல்லை, நான் இன்னொருத்தருக்குத் தந்தது! "ஜாமீன் கையெழுத்து ஒண்ணு போடு, சும்மா பேருக்குத்தான்"னு சொல்லும்போதும் இதே கதைதான். கேரண்டின்னு யார் சொன்னாலும் முதல் கேள்வி: "யார், யாருக்கு?"

பெரிய படம்னா பயமில்லைன்னு நினைக்கிறீங்களா? 2002-ல் 'பாபா' ஓடாதப்போ ரஜினிகாந்த் விநியோகஸ்தர்களுக்குப் பணம் திருப்பிக் கொடுத்தார். 2014 டிசம்பர்ல வந்த 'லிங்கா'வுக்கு நஷ்ட ஈடு கேட்டு, அடுத்த மாசமே விநியோகஸ்தர்கள் சென்னையில உண்ணாவிரதம் இருந்தாங்க. பணம் திரும்ப வர்றது ஒப்பந்தத்துல எழுதின உரிமையா, இல்லை நட்சத்திரத்தோட பெருந்தன்மையா? பெருந்தன்மையை நம்பி முதலீடு பண்ண முடியாது.

படம் ஓடினாலும் பிரச்சினை வரலாம். 2024-ல் வந்த 'மஞ்சும்மல் பாய்ஸ்' உலகம் முழுக்க 200 கோடிக்கு மேல் வசூல் பண்ணின மலையாளப் படம், தமிழ்நாட்டுலயும் பிரமாதமா ஓடிச்சு. அதுக்கு 7 கோடி போட்டதாச் சொன்ன ஒரு முதலீட்டாளர், லாபத்துல 40 சதவீதம் தர்றதா சொல்லித் தரலைன்னு புகார் கொடுத்தார். தயாரிப்புத் தரப்பு அதை மறுத்தது. போலீஸ், கோர்ட் வரை போச்சு. யார் பக்கம் நியாயம் என்பது நம்ம வேலை இல்லை. ஆனா ஒண்ணு தெரியுது: "லாபத்துல பங்கு"ன்னா, எந்தெந்தச் செலவைக் கழிச்ச பிறகு வர்ற லாபம்னு எழுத்துல இருக்கணும்.

இதுக்கும் திரையில நம்ம ஊருக்கும் என்ன சம்பந்தம்?

நிறைய இருக்கு. ஊடகப் படிப்புல "பிரதிநிதித்துவம்"னு ஒரு பாடம் உண்டு. திரையில யார் தெரியுறாங்க, யாரோட பேச்சு கேட்குது, யாரைப் பார்த்துச் சிரிக்கிறாங்க என்பதுதான் அதோட அடிப்படைக் கேள்விகள். இந்த மூணையும் நம்ம ஊருக்குப் போட்டுப் பாருங்க.

டிகேயில் முதல் பாதி எல்லாருக்கும் தெரியும். "ஏலே"ன்னு ஒரு பாத்திரம் வாயைத் திறந்தாலே நெல்லைன்னு சென்னைக்காரனுக்கும் புரியும். 2015-ல் 'பாபநாசம்' படத்துல கமல்ஹாசனே நெல்லைப் பேச்சு பேசினார். ரெண்டாவது பாதி? குமரின்னா சூரிய உதயம், விவேகானந்தர் பாறை, 133 அடி வள்ளுவர் சிலை. 2014-ல் வந்த 'கயல்' படத்துல குமரி கிளைமாக்ஸுக்கு வருது, அதுவும் சுனாமியோட. ரப்பர் வெட்டுறவர், மரச்சீனி விக்கிறவங்க, "அதாக்கும்"னு பேசுற பொண்ணு, பாதித் தமிழும் பாதி மலையாளமுமா ஓடுற ஒரு பஸ் பயணம்: இதெல்லாம் எத்தனை படத்துல பார்த்திருக்கீங்க?

எழுத ஆள் இல்லாம இல்லை. நாஞ்சில் நாடன் மும்பையில நம்மள மாதிரி சம்பளத்துக்கு வேலை பார்த்துக்கிட்டே எழுதின 'தலைகீழ் விகிதங்கள்' நாவல் 1977-ல் வந்தது. 2002-ல் அதைத்தான் தங்கர் பச்சான் 'சொல்ல மறந்த கதை'யா எடுத்தார். நாவலைப் படிச்சுட்டுப் படத்தைப் பாருங்க. நாஞ்சில் நாட்டுப் பேச்சுல எவ்வளவு திரைக்கு வந்திருக்குன்னு நீங்களே குறிச்சு வையுங்க.

காரணம் வெறுப்பு இல்லை, கூட்டல் கணக்கு. செலவுத் தொகையில பெரும்பங்கு சென்னை, செங்கல்பட்டு, கோவையில இருந்து வருதுன்னா, அந்த ஊர்க்காரங்களுக்குப் புரியாம போயிடுமோ என்ற பயம் கதை எழுதும்போதே வந்துடும். சின்ன ஏரியாவோட பேச்சுதான் முதல்ல வெட்டுப்படும்.

மாறாதா? மாறும். ஒழுகினசேரியில 1908-ல் பிறந்த என்.எஸ். கிருஷ்ணன் வில்லுப்பாட்டுல ஆரம்பிச்சு, நாடகம் வழியா சினிமாவுக்குப் போனார். அவர் பேர் போஸ்டர்ல இருந்தாலே படம் விலை போகும் என்ற நிலை வந்ததும், தன் நகைச்சுவைப் பகுதியைத் தானே தீர்மானிக்கிற உரிமையும் அவருக்கு வந்தது. 1952-ல் சிவாஜியை வச்சு ஒரு படமே இயக்கினார். படத்தோட பேர் என்ன தெரியுமா? 'பணம்'.

விற்கும்னு நிரூபணமானா திரையில இடம் கிடைக்கும். அந்த நிரூபணம் வர்ற இடம் டிக்கெட் கவுண்ட்டர்தான், உங்க பேங்க் அக்கவுண்ட் இல்லை.

அப்போ நாம என்ன செய்யலாம்?

ரசிகனா: நம்ம ஊரை ஒழுங்கா காட்டின படம் வந்தா, முதல் வாரக் கடைசியிலேயே, நம்ம ஊர் தியேட்டர்லயே பாருங்க. அந்த மூணு நாள் வசூல்தான் படம் அடுத்த வாரம் இருக்குமான்னு முடிவு பண்ணுது. குடும்பத்தோட போனாலும் பாப்கார்ன் சேர்த்து 1,000 ரூபாய்க்குள்ள முடியும். இது முதலீடு இல்லை, பொழுதுபோக்குச் செலவு. மாச பட்ஜெட்ல அந்தக் கட்டத்துல எழுதுங்க.

முதலீட்டாளரா: யாராவது ஏரியா எடுக்க, படம் எடுக்கப் பணம் கேட்டா, இந்த அஞ்சையும் கேளுங்க:

1. அவுட்ரைட்டா, எம்ஜியா, கமிஷனா? நஷ்டம் யார் தலையில?
2. ஒப்பந்த நகலைக் காட்ட முடியுமா? அதுல என் பேர் எங்க?
3. நான் கடன் தர்றேனா, பங்காளியா சேர்றேனா? சாதாரணக் கூட்டு நிறுவனத்துல, 1932 சட்டப்படி, நிறுவனத்தோட கடனுக்கு ஒவ்வொரு பங்காளியும் முழுப் பொறுப்பு. நீங்க போட்ட ஒரு லட்சத்தோட அது நிக்காது.
4. வசூல் கணக்கு தினமும் யார் மூலமா வரும்?
5. "மாசம் இத்தனை சதவீதம் உறுதி"ன்னு ஊர்ல பல பேர்கிட்ட வசூலிக்கிறாங்களா? அப்படின்னா எழுந்து வந்துடுங்க. முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்களைத் தடை பண்ற சட்டம் 2019-லேயே வந்தாச்சு.

அஞ்சுக்கும் பதில் சரியா இருந்தாலும், ஆறு மாச அவசர நிதி தனியா இல்லாம இதுல இறங்காதீங்க. முழுசாப் போனாலும் தூக்கம் கெடாத தொகை எவ்வளவோ, அதுதான் உச்சவரம்பு. எனக்கு அன்னைக்கு அந்தத் தொகை 5,000 ரூபாய்கூட இல்லை. நான் போட்டது ஒரு லட்சம்.

என் நண்பன் இப்பவும் நல்ல நண்பன்தான். போன மாசம்கூட போன் பண்ணினான்: "மக்கா, இன்னொரு படம் இருக்கு, கேட்டியா?" கேட்டேன். "ரிலீஸ் அன்னைக்கு நாலு டிக்கெட் எனக்கு எடுத்து வை"ன்னு சொல்லிட்டு வச்சுட்டேன்.

உங்க ஊரை உள்ளபடி காட்டின படம் எது? "கேரண்டி"ன்னு நம்பிக் கையைச் சுட்டுக்கிட்ட அனுபவம் இருக்கா? கமெண்ட்ல எழுதுங்க. அடுத்த வாரம் ஜாமீன் கையெழுத்து பற்றி விரிவா பார்ப்போம்.