குப்பைக் குழிக்குப் போவதெல்லாம் எருவாவதில்லை

மாட்டுக் கொட்டில் கூளமும் வீட்டுக் குப்பையும் ஒரே குழிக்குப் போவது நம் கிராமங்களில் தொன்றுதொட்டு வரும் வழக்கம். வீட்டில் சேர்ந்த குப்பையெல்லாம் மக்கக்கூடியதாக இருந்த காலத்தில் இந்த வழக்கத்தில் குறை சொல்ல இடமில்லை. காய்கறித் தோல், எச்சில் இலை, பழந்துணி, கயிற்றுத் துண்டு என்று எதைப் போட்டாலும் அடுத்த கோடையில் எருவாகிவிடும். இன்று வாசல் கூட்டிய கூடையில் பால் கவரும், ஷாம்பு பொட்டலமும், மாத்திரை அட்டையும் சேர்ந்தே வருகின்றன. குழியில் போட்ட பின் இவை என்ன ஆகின்றன என்பதைச் சிறு விவசாயிகள் ஒருமுறை கணக்குப் பார்ப்பது நல்லது.

முதலில் எருவின் மதிப்பைப் பார்ப்போம். நன்றாக மக்கிய தொழு உரத்தில் சுமார் அரை சதவீதம் தழைச்சத்து உண்டு. ஏக்கருக்கு 5 டன் இட்டால் 25 கிலோ தழைச்சத்து நிலத்தில் சேர்கிறது. 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றில் இருப்பது 21 கிலோவுக்கும் சற்றுக் குறைவு. தொழு உரத்தின் சத்து முழுவதும் முதல் பயிருக்கே கிடைத்துவிடாது; சிறுகச் சிறுக அடுத்த ஆண்டுகளிலும் கிடைக்கும். மணிச்சத்தும் சாம்பல் சத்தும் இதோடு சேர்ந்தே வருகின்றன, மண்ணும் பொலபொலப்பாகிறது.

இந்தத் தழைச்சத்து நம்மவர்கள் கைவிட்டுப் போவது இரண்டு இடங்களில். ஒன்று கொட்டில் தரை. மாட்டு மூத்திரத்தில் சுமார் ஒரு சதவீதம் தழைச்சத்து இருக்கிறது. ஒரு மாடு நாளைக்கு 5 லிட்டர் விடுவதாகக் குறைத்தே கணக்கிட்டாலும் 50 கிராம். ஆண்டுக்கு 18 கிலோ. சாணத்தைப் பத்திரமாக அள்ளிவிட்டு மூத்திரத்தைச் சாக்கடையில் ஓடவிடுகிறோம். மாடு நிற்கும் இடத்தில் தின்று கழித்த வைக்கோலையும் தாளையும் இரவில் பரப்பிவைத்து, நனைந்ததைக் காலையில் சாணத்தோடு குழியில் போட்டால் போதும். செலவு ஒன்றும் இல்லை.

இரண்டாவது அடுப்புச் சாம்பல். விறகடுப்பு எரியும் வீடுகளில் சாம்பலைக் கூடை கூடையாகக் குழியில் கொட்டுகிறார்கள். சாம்பல் காரத்தன்மை உடையது. மூத்திரம் ஊறிய கூளத்தோடு அது கலந்தால் தழைச்சத்து அம்மோனியா வாயுவாகக் கிளம்பிவிடும். சந்தேகம் உள்ளவர்கள் இரண்டு நாள் ஊறிய கூளத்தில் ஒரு கை அள்ளி, சாம்பலைப் போட்டுப் பிசைந்து முகர்ந்து பார்க்கட்டும். மூக்கில் சுரீரென்று ஏறுவது நம் பயிருக்குப் போக வேண்டிய சத்து. சிறிதளவு தூவுவதால் கெடுதல் இல்லை. மிச்சத்தைத் தகர டின்னில் நனையாமல் சேர்த்துவைத்து, வாழைக்கும் தென்னைக்கும் தனியாக இடலாம். களர் நிலத்தில் மட்டும் வேண்டாம்.

இனி பிளாஸ்டிக். சாணத்தையும் வைக்கோலையும் மக்கவைக்கும் நுண்ணுயிர்களால் பால் கவரை ஒன்றும் செய்ய முடியாது. போட்டபடியே இருக்கும், எருவோடு வண்டியேறி வயலுக்கு வரும், ஏர் ஓட்டும்போது கொழுவில் சுற்றும். வெயில் பட்டால் நொறுங்கித் துண்டு துண்டாகும், ஆனால் மக்காது. நொறுங்கிய துண்டுகளை நிலத்திலிருந்து பொறுக்கி மாளாது.

வயலுக்கு வருமுன்பே மாட்டுக்கு ஆபத்து. மீந்த சோற்றைக் கவரில் முடிச்சுப் போட்டு எறிந்தால் மாடு பிரித்தா தின்னும்? கவரோடு விழுங்கும். அது முதல் இரைப்பையில் தங்கி, நாளடைவில் பந்தாகத் திரண்டு அசைபோடுவதையே நிறுத்திவிடும். பிறகு வயிற்றைக் கிழித்துத்தான் எடுக்க வேண்டும். கம்பித் துண்டு, ஆணி இவை இன்னும் மோசம். இரண்டாம் இரைப்பையில் இறங்கி இருதயம் வரை குத்திவிடும். கறவை மாட்டின் விலையை நினைத்தால் அந்தச் சோற்றைத் தொட்டியில் கொட்ட ஒரு நிமிடம் செலவிடலாம்.

குப்பையைக் கொளுத்திவிட்டால் தொல்லை தீர்ந்தது என்று எண்ணுவோரும் உண்டு. பி.வி.சி. குழாய்த் துண்டும் ஒயர் உறையும் எரிந்தால் அமிலப் புகையும் டையாக்சின் என்ற நஞ்சும் வெளிவருகின்றன. புகை முதலில் போவது கொளுத்துகிறவர் நெஞ்சுக்கு.

பிரித்து வைத்தால் மட்டும் எங்கே போகிறது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பழைய பேப்பர் கடைக்காரர் தர்மத்துக்கு வாங்குவதில்லை. விலை போவதைத்தான் எடுப்பார். தண்ணீர் பாட்டில் துண்டுகளாக்கப்பட்டுப் பாலியஸ்டர் நூலாகிறது. கழுவிக் காயவைத்த பால் கவரும், பழைய சொட்டுநீர்க் குழாயும் உருக்கப்பட்டு மட்டமான பிளாஸ்டிக் பொருள்களாகின்றன. ஒவ்வொரு முறை உருக்கும்போதும் தரம் இறங்கும். சிப்ஸ் உறையும் ஷாம்பு பொட்டலமும் பல அடுக்கு ஒட்டிச் செய்தவை. பிரித்தெடுக்க முடியாததால் கடையில் தொடமாட்டார்கள். ஊராட்சித் தூய்மைக் காவலரிடம் இவற்றைத் தனியாகக் கொடுத்தால் சிமெண்டு ஆலைச் சூளைக்கோ, சாலை போடவோ போக வழியுண்டு. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ஆர். வாசுதேவன் கண்டுபிடித்த முறையில், பிளாஸ்டிக் துணுக்குகளைச் சுடுஜல்லியில் தூவி, அது உருகிப் படிந்த பின் தார் கலக்கிறார்கள். 2018-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. ஆனால் சேறும் சோறும் ஒட்டிய கவரை அங்கும் எடுப்பதில்லை. கடைசியில் அது ஏரிக்கரைக் குப்பைமேட்டில்தான் விழுகிறது. 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் மெல்லிய பைகளுக்குத் தடை இருந்தும் சந்தையிலிருந்து அவை வந்தபடியே இருப்பதை எல்லோரும் அறிவோம்.

பூச்சிமருந்துப் புட்டிகளை இந்தக் கணக்கில் சேர்க்கவே கூடாது. மும்முறை கழுவி, கழுவிய நீரைத் தெளிப்பானிலேயே ஊற்றி, புட்டியை ஓட்டையிட்டு, வீட்டுக்கும் கிணற்றுக்கும் தொலைவில் புதைக்க வேண்டும். 1971-ம் ஆண்டு பூச்சிமருந்து விதிகள் சொல்வதும் உடைத்துப் புதைக்க வேண்டும் என்றே.

புதிதாகக் குழி எடுப்போர் 20 அடி நீளம், 5 அடி அகலம், 3 அடி ஆழம் வைத்துக்கொள்ளலாம். முழு நீளத்துக்கும் பரப்பாமல் ஒரு முனையிலிருந்து மூன்று மூன்று அடியாக நிரப்பி வர வேண்டும். தரைக்கு மேல் ஒன்றரை அடி உயர்ந்ததும் சாணமும் மண்ணும் குழைத்து மெழுகிவிட்டால் நான்கைந்து மாதத்தில் எரு தயார். மூடி மெழுகும் இந்த யோசனை புதிதல்ல. 1939-ல் பெங்களூரில் டாக்டர் ஆச்சார்யா நகரக் குப்பைக்கு வகுத்த முறையிலும் மண் மெழுக்கு உண்டு. கிளறும் கூலி மிச்சம்.

ஏற்கெனவே பிளாஸ்டிக் கலந்துவிட்ட பழைய குழியை அப்படியே வயலில் இறைக்க வேண்டாம். எருவை வெட்டி நிழலில் இரண்டு மூன்று நாள் ஆறப்போட்டு, மணல் சலிக்கும் கம்பிச் சல்லடையைச் சாய்த்து நிறுத்தி அதில் வீசிச் சலிக்கலாம். ஈரமாக இருந்தால் கண்களில் அப்பிக்கொள்ளும். மேலே தங்குவதில் கண்ணாடிச் சில்லும் பிளேடும் இருக்கும், வெறுங்கையால் அள்ளாதீர்கள்.