மருத்துவ மாணாக்கர் பாடமும் நோயாளியின் மொழியும்

சென்ற கோடை விடுமுறையிலே எம் ஊராகிய எருமப்பட்டிக்குச் சென்றிருந்த காலத்து நிகழ்ந்த ஒன்றே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று. எருமப்பட்டி நாமக்கல் மாவட்டத்திலே, கொல்லிமலைக்கு அண்மையிலுள்ள ஒரு சிறு பேரூர். நிலக்கடலையும் சோளமும் விளையும் மேட்டுக் காடுகளும் கோழிப்பண்ணைகளுமே எம்மவர்க்கு வாழ்வளிப்பன. எம் அம்மாயி (தாயைப் பெற்ற பாட்டியாரை எம் பக்கத்தார் இங்ஙனமே அழைப்பர்) எழுபது கடந்தவர். நெடுநாளாய் நீரிழிவு உடையவர். மாதந்தோறும் ஒரு மருத்துவமனைக்குச் சென்று மாத்திரை பெற்று வருபவர். அம்முறை துணைக்கு யாமும் உடன் சென்றோம்.

அங்கிருந்த பயிற்சி மருத்துவர் இளைஞர், வேற்று மாநிலத்தவர், அன்புடையவர். தாம் கற்றிருந்த சில தமிழ்ச் சொற்களைக் கொண்டு, “காலில் வலி இருக்கா?” என்று வினவினார். அம்மாயி, “வலியெல்லாம் ஒண்ணுமில்ல கண்ணு, பாதந்தான் மதமதன்னு கெடக்குது. ராத்திரியானாக் கொடைச்சலு” என்றார். மருத்துவர் புன்முறுவலோடு தலையசைத்து, வலி இல்லை என்று சீட்டில் ஆங்கிலத்தில் எழுதினார். அருகே நின்ற யாமோ வாய் திறவாதிருந்தோம். ஒரு திங்கள் கழிவதற்குள் அம்மாயியின் பாதத்திலே நெருஞ்சிமுள் தைத்தது. தைத்ததை அவர் உணரவில்லை. உணர்ந்த ஞான்று புண் ஆழ்ந்திருந்தது. இடக்கால் சுண்டுவிரலை நீக்க வேண்டியதாயிற்று. அந்த ஒரு சொல் விளங்கியிருந்தால் விரல் தப்பியிருக்கும் என்று அறுதியிட்டுரைக்க யாம் மருத்துவர் அல்லோம். ஆயினும் அச்சொல் சீட்டில் ஏறவில்லை என்பது மட்டும் உறுதி.

இதன்பின், மருத்துவத் துறை மாணாக்கர் கட்டாயமாய்ப் பயில வேண்டிய பாடங்கள் யாவை, அவற்றுள் நோயாளியின் பேச்சுக்கு இடம் உண்டோ என அறிய விரும்பி, அரசு மருத்துவக் கல்லூரியொன்றிற் பயிலும் நண்பர் ஒருவரையும், செவிலியர் கல்லூரியில் முதலாண்டு பயிலும் அடுத்த வீட்டுத் தங்கையையும் வினவினோம். அவர்தம் பாடத்திட்டங்களையும் வாங்கிப் படித்தோம். தமிழ் ஆனர்ஸ் வகுப்பு மாணவனுக்கு இது வேண்டாத வேலை என்று நண்பர் நகைத்தார்.

எம்.பி.பி.எஸ். வகுப்பினர் முதற் பகுதியில் உடற்கூற்றியல், உடலியங்கியல், உயிர்வேதியியல் ஆகிய மூன்றையும் கற்பர். பின்னர் நோய்க்குறியியல், நுண்ணுயிரியல், மருந்தியல் என்பன வரும். அதன்மேல் சட்டமருத்துவம், சமுதாய மருத்துவம் முதலியனவும், ஈற்றிலே பொதுமருத்துவம், அறுவை, மகப்பேறு, குழந்தை மருத்துவம் என்பனவும் அமையும். நாலரை ஆண்டுப் படிப்பும் ஓராண்டு மருத்துவமனைப் பயிற்சியும் முடித்தே பட்டம் பெறுவர். இவ்வடைவு நெடுங்காலமாய் உள்ளது. இந்திய மருத்துவக் கழகம் 2019ஆம் ஆண்டிற் புதுப்பித்த திட்டத்திலோ, எம் ஆராய்ச்சிக்கு வேண்டிய இரண்டு புதுமைகள் புகுந்தன. மனப்பாங்கு, அறநெறி, உரையாடல் ஆகியவற்றைக் கற்பிக்கும் பகுதியொன்று எல்லா ஆண்டுகளுக்கும் கட்டாயமாயிற்று. கல்லூரி புகுந்தவுடன் நடைபெறும் அடிப்படை வகுப்பிலே, மொழிக்கும் கணிப்பொறிக்குமாகச் சேர்த்து 40 மணி நேரம் ஒதுக்கப்பட்டது. அம்மொழிப் பயிற்சியில் வட்டார மொழியும் அடங்கும். அரசுக் கல்லூரிகளின் இடங்களில் நூற்றுக்குப் பதினைந்து அனைத்திந்திய ஒதுக்கீட்டின்வழி நிரம்புதலால், நாமக்கல்லுக்கு இராசத்தானத்து மாணவரும் வருதல் இயல்பு. அவர்க்கு அவ்வகுப்பு ஒரு வாயில். ஆயினும் வாயிலோடு நின்றுவிடுகிறது. பின்னர் அவ்வடிப்படை வகுப்பின் காலமும் சுருக்கப்பட்டது.

செவிலியர் பாடத்தைக் கண்டபோது எமக்கு வியப்பு மிகுந்தது. 2021 முதலாக நடைமுறைக்கு வந்த பி.எஸ்ஸி. நர்சிங் திட்டத்தின் முதற் பருவத்திலே உடற்கூறு, உடலியங்கியல், சமூகவியல், உளவியல், செவிலிய அடிப்படை ஆகியவற்றோடு, பேச்சு ஆங்கிலமும் ஒரு கட்டாயப் பாடம். வெளிநாடு செல்லும் செவிலியர்க்கு அது வேண்டுவதே. அதனைக் குறை கூறுவது எம் கருத்தன்று. எனினும், எருமப்பட்டியிற் பிறந்து சேலத்து வார்டிலே நிற்கப்போகும் பெண், இலண்டன் நோயாளியோடு பேசும் முறையைத் தேர்வுக்காகப் படிக்கிறாள். கொல்லிமலையிலிருந்து இறங்கிவரும் நோயாளியோடு பேசும் முறையை ஒருவரும் அவளைத் தேர்வதில்லை. பி.பார்ம். வகுப்பிலோ, கணிதம் கற்று வந்தவர்க்கு உயிரியலும், உயிரியல் கற்று வந்தவர்க்குக் கணிதமும் குறைதீர் பாடமாய் வைத்திருக்கின்றனர். குறை இன்னதென்று கண்டு அதனை நிரப்பும் இவ்வழக்கம் பாராட்டத்தக்கது. தமிழுக்கும் இதுபோல் ஒன்று வைத்திருப்பது, யாம் அறிந்த அளவில், சித்த மருத்துவப் பட்டப்படிப்பே. ஆங்கிலமோ தமிழோ எது வேண்டுமோ அதனை முதலாண்டில் பயிலுமாறு அங்கே விதித்துள்ளனர். அம்மருத்துவத்தின் எண்வகைத் தேர்வினுள் நாடியோடும் நாவோடும் விழியோடும் மொழியும் ஒன்றாக எண்ணப்படுதல் அன்பர்கள் அறிந்ததே. அது நோயாளியின் குரலொலியையே சிறப்பாகக் குறிப்பதாயினும், நோயாளி பேசுதல் நோய் நாடற்குரிய கருவி என்று கொண்டமை நோக்கற்பாலது.

திருக்குறளின் மருந்து அதிகாரத்து இறுதிப் பாட்டு, மருத்துவத்தின் நான்கு உறுப்புக்களை எண்ணுமிடத்து நோயாளனையே முதற்கண் வைக்கின்றது. மருத்துவன் அவனுக்குப் பின்னரே நிற்கிறான். இதற்கு உரை வகுத்த பரிமேலழகர் நோயாளனுக்கு வேண்டும் வகைகள் நான்கனுள் நோயின் நிலையை உணர்த்துதலையும் ஒன்றாக வைத்துள்ளார். வகுப்பிலே இதனைப் படித்த அன்று யாம் தேர்வுக்கென நெட்டுருச் செய்து கடந்துவிட்டோம். அம்மாயியின் கட்டிலருகே அமர்ந்திருந்தபோதுதான் பொருள் தெளிந்தது. அவர் தம் நோய்நிலையைக் குறைவற உணர்த்தினார். உணர்த்தியதைக் கொள்ளும் செவிக்கே பயிற்சி இல்லை.

நம் மக்கள் உடலின் துன்பத்தை ‘வலி’ என்ற ஒரே சொல்லால் சொல்லி முடிப்பதில்லை. எலும்பினுள்ளே துளைப்பது போன்றது குடைச்சல். தேள் கொட்டியதும் சிறுநீர் தடைப்பட்டதும் கடுப்பு. நெடுவழி நடந்தவன் கால்களுக்கு உளைச்சல். தீப்பட்ட தோல் காந்தும், விலாப்புறம் குத்தும், வயிறு பிசையும், பாதம் மதமதக்கும். இவற்றுள் சில வலி என்னும் பொதுப்பெயருக்குள் அடங்கா என்பது எம்மூரார் துணிபு; ஆதலின் “வலி இல்லை, குடைச்சல்தான்” என்பது அவர்க்கு முரண் அன்று. சில சொற்கள் இருபொருள் தருவன. இழுப்பு என்பது ஒரு வீட்டில் மூச்சிரைப்பு, மற்றொரு வீட்டில் கைகால் வெட்டி இழுத்தல். மயக்கம் என்றால் தலைசுற்றலோ, நினைவிழத்தலோ? கேட்டே தெளிதல் வேண்டும். எம் நண்பரை ‘மதமதப்பு’ என்றால் என்னவென்று வினவினோம். அவரும் தமிழரே, ஆயினும் சற்றுத் தயங்கினார். விளக்கியவுடன், நீரிழிவால் காலின் நரம்புகள் கெடுதலையும், அதனால் உணர்ச்சி குன்றுதலையும், உணர்ச்சியற்ற பாதத்திற் புண் வைத்தலையும், பெரிபெரல் நியூரோபதி என்ற பெயரையும் கால் நாழிகை மழைபோற் பொழிந்தார்! நோயை முற்ற அறிவார். அது எம் அம்மாயியின் வாயில் எப்பெயரோடு வரும் என்பதொன்றே அறியார்.

இக்குறையை நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே கண்டு அதற்கென உழைத்த ஒருவரை ஈண்டு நினைத்தல் தகும். அவர் சாமுவேல் பிஸ்க் கிறீன். 1822இல் அமெரிக்க நாட்டு மசாசூசெட்ஸ் மாநிலத்து ஊஸ்டரிற் பிறந்து, 1847இல் மிஷன் மருத்துவராய் யாழ்ப்பாணம் சேர்ந்தவர். மானிப்பாயில் மருத்துவமனை நடத்திக்கொண்டே 1848 முதல் சிறு தொகையினராய மாணாக்கரைச் சேர்த்து மேனாட்டு மருத்துவம் கற்பித்தார். தொடக்கத்தில் ஆங்கிலத்திற் கற்பித்த அவர், இடையே தாய்நாடு சென்று 1862இல் மீண்டபின், அறுபதுகளின் நடுப்பகுதியிலிருந்து தமிழிலேயே கற்பிக்கத் துணிந்தார். ஆங்கிலத்திற் கற்றவர் அரசுப் பணி நாடி ஊரை விட்டு அகல்வர், தமிழிற் கற்றவரே தம் மக்களிடை நின்று தொழில் புரிவர் என்பது அவர் கணக்கு.

கற்பிக்க நூல் வேண்டுமன்றோ? தாமே தமிழை நன்கு கற்று, மாணாக்கரும் பிறரும் துணைநிற்க, ஒன்றன்பின் ஒன்றாகப் பெருநூல்களைப் பெயர்த்தார். 1857இல் பிரசவ வைத்தியம், 1867இல் இரண வைத்தியம், 1872இல் கிரே என்பாரின் உடற்கூற்று நூலாகிய மனுஷ அங்காதிபாதம், 1875இல் கெமிஸ்தம், 1883இல் மனுஷ சுகரணம் என இவை அச்சேறின. ஒரு நாட்டு மருத்துவ மாணாக்கனுக்குக் கட்டாயமாகிய பாடங்கள் ஏறக்குறைய யாவும் தமிழுருப் பெற்றன. கலைச்சொல் ஆக்கத்திலே அவர் கொண்ட முறையும் அறிவுடையது. முதலில் தமிழில் உள்ள சொல்லைத் தேடுவார். இல்லையெனில் வடமொழியில் எடுப்பார். அங்கும் இல்லையெனில் ஆங்கிலச் சொல்லையே தமிழோசைக்கு இணக்குவார். ‘கெமிஸ்தம்’ என்பதைக் கண்டு எம் வகுப்பில் நகையாதவர் இலர். ஆயினும் இன்று ‘கெமிஸ்ட்ரி’ என்று அதனை மாற்றமின்றி விழுங்கும் நாம் நகைக்கத் தக்கவரோ என்பது வேறு வினா.

அவரிடம் பயின்றவர் அறுபதின்மருக்கு மேற்பட்டோர். 1873இல் உடல்நலம் குன்றித் தாய்நாடு சென்ற பின்னரும் தமிழ் மருத்துவ நூற்பணியை விடாது, 1884இல் ஊஸ்டரிலேயே காலமானார்.

அவர்தம் தமிழ்வழி வகுப்பு அவருக்குப் பின் நிலைபெறவில்லை. இதனை மறைத்துப் புகழ்வது நேர்மையன்று. அரசின் பணியும் மேற்படிப்பும் ஆங்கிலத்தில் இருந்தன. மருத்துவ அறிவு ஆண்டுதோறும் வளர, பெயர்த்த நூல் பழையதாயிற்று. அங்காதிபாதம் என்றால் இன்று தமிழ் மாணவரே அகராதி புரட்டுவர். ஆதலின் எல்லா மருத்துவ நூலையும் தமிழாக்கிவிட்டால் குறை தீரும் என்பாரோடு யாம் முழுதும் உடன்படவில்லை. மத்தியப் பிரதேசத்தில் 2022ஆம் ஆண்டு அக்டோபரில் இந்தி மருத்துவ நூல்கள் வெளியிடப்பட்டது முதல் நம் நாட்டிலும் இப்பேச்சு மிகுந்திருக்கிறது. அரசுப் பள்ளி மாணாக்கர்க்கு 2020இல் ஏற்பட்ட 7.5 விழுக்காட்டு ஒதுக்கீட்டால் தமிழ்வழி கற்ற பிள்ளைகள் மருத்துவக் கல்லூரி புகுகின்றனர். கணையம், மண்ணீரல் என்று கற்று வந்தவர் முதல் நாளே பேங்கிரியாஸ், ஸ்ப்ளீன் என்று கேட்டுத் திகைத்தல் உண்மை. அவர்க்குத் தமிழ் நூல் ஊன்றுகோலாய் உதவும், அவ்வளவில் வேண்டுவதே.

ஆனால் அம்மாயியின் விரலை நோக்க, இது வேறு வழக்கு. உடற்கூற்றியல் முழுதையும் தமிழில் நெட்டுருச் செய்தவரும் மதமதப்பை அறியாதிருத்தல் கூடும். அச்சொல் கிறீனார் நூலிலும் தேடிக் கற்பதன்று, திண்ணையிற் கற்பது. எனவே யாம் கேட்பது சிறிது. நோய்க்குறி கேட்டெழுதும் பயிற்சி நடைபெறும் ஆண்டுகளில், அவ்வம் மாவட்டத்தார் நோயைச் சொல்லும் சொற்கள் ஒரு பாடமாதல் வேண்டும்; அதற்கு மதிப்பெண்ணும் வேண்டும். தேர்வில்லாப் பாடத்தை மாணவர் எங்ஙனம் போற்றுவர் என்பதை இம்மலரைப் படிக்கும் ஆசிரியப் பெருமக்கள் எம்மினும் நன்கறிவர். கற்பிக்கும் களமும் முன்னரே உளது. ஒவ்வொரு மருத்துவ மாணாக்கரும் சிற்றூர்க் குடும்பங்கள் சிலவற்றைத் தத்தெடுத்துப் படிப்புக் காலத்திற் சென்று காணும் திட்டத்தைத் தேசிய மருத்துவ ஆணையம் அண்மையாண்டுகளில் ஏற்படுத்தியிருக்கிறது. நாமக்கல்லில் 2022 சனவரியில் திறக்கப்பெற்ற அரசு மருத்துவக் கல்லூரியின் மாணாக்கர்க்கு எம் பக்கத்துச் சிற்றூர்கள் தொலைவல்ல. இரத்த அழுத்தத்தை அளந்து குறிக்கும் ஏட்டிலேயே, அவ்வீட்டார் சொன்ன சொல்லை அவர் சொன்னபடியே எழுதும் ஒரு பத்தி சேர்த்தால் செலவு யாது?

இக்கருத்தை எழுதி அனுப்பியதற்கு நண்பர், “எங்கட்கு இருக்கும் பாடச்சுமை உனக்குத் தெரியாது” என்று விடை விடுத்தார். அதுவும் மெய்யே. ஆயினும் அடுத்த வீட்டுத் தங்கை வேறுவிதமாய் எடுத்துக்கொண்டாள். விடுமுறை முடியுமட்டும் மாலைதோறும் அம்மாயியின் புண்ணுக்குக் கட்டு மாற்ற வருவாள். கட்டு மாற்றுகையில் யாம் மூவரும் சொற்களைத் தொகுத்தோம். அவளுடைய செவிலிய அடிப்படைக் குறிப்பேட்டின் கடைசிப் பக்கங்களில் முப்பத்தொரு சொற்கள் சேர்ந்தன. ‘ஓய்ச்சல்’ என்பதன் பொருளில் மட்டும் பிணக்கு எழுந்தது. அது உடற்சோர்வு என்றோம் யாம். உண்ணப் பிடிக்காமையும் அதனுள் அடங்கும் என்றாள் அவள். “ரெண்டுமில்ல, எந்திரிக்கோணும்னு நெனைக்கறது, முடியாமக் கெடக்கறது” என்றார் அம்மாயி. அவர் சொன்னபடியே எழுதிக்கொண்டாள்.