'கண்டறியப்படவில்லை' என்னும் முடிவை எவ்வளவு நம்பலாம்?

"இந்த மசாலாத் தூள் ஆய்வகத்தில் சோதிக்கப்பட்டது. சால்மொனெல்லா கண்டறியப்படவில்லை என்று சான்று உள்ளது. நோயாளிக்குக் கொடுக்கலாமா, டாக்டர்?" என்று குடும்பத்தினர் சிலர் வினவுகின்றனர். புற்றுநோய்க்குக் கீமோதெரபி பெறுவோர், உறுப்பு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டோர் போன்ற நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களுக்கு இது முக்கியமான வினா.

இச்சோதனையில் வழக்கமாக 25 கிராம் உணவை ஊட்டக் கரைசலில் கலந்து, உடல் வெப்பத்தை ஒட்டிய சூட்டில் ஏறத்தாழ 18 மணி நேரம் வைப்பர். நலிந்த கிருமிகளும் தேறிப் பெருகுவதற்கே இந்த அவகாசம். பின்னர் வேறு ஊடகங்களில் வளர்த்து இனங்காண்பர். முடிவு தெரியச் சில நாள்கள் ஆகும்.

சோதனை சரியாக நடந்ததா என்பதையும் ஆய்வகம் சோதிக்க வேண்டும். கிருமி உள்ளதென முன்பே அறிந்த மாதிரி ஒன்றை உடன் வைப்பர். அதில் கிருமி வளராவிட்டால் சோதனையே பழுது. உணவு சேர்க்காத கரைசல் ஒன்றையும் வைப்பர். அதில் ஏதேனும் வளர்ந்தால் ஆய்வகத்திலேயே மாசு கலந்துள்ளது. கிராம்பு, இலவங்கப்பட்டை போன்றவை கிருமியின் வளர்ச்சியை அடக்குவதால், இருக்கும் கிருமியும் இல்லாததுபோல் தோன்றலாம். ஆகவே அவ்வுணவிலேயே கிருமியைச் சேர்த்து, அது மீண்டும் கிடைக்கிறதா என்று பார்ப்பர். மேலும், வெளி அமைப்புகள் உள்ளடக்கத்தைத் தெரிவிக்காமல் மாதிரிகளை அனுப்பி ஆய்வகத்தின் திறனை மதிப்பிடுகின்றன.

இவை அனைத்தும் சரியாக இருப்பினும் ஓர் எல்லை உண்டு. 100 பொட்டலங்களில் ஒன்றில் மட்டும் கிருமி இருந்து, அவற்றுள் 5 பொட்டலங்களைச் சோதித்தால், அது அகப்படாமல் போகும் வாய்ப்பு 95 விழுக்காடு. அன்றியும், சால்மொனெல்லா சோதனை லிஸ்டீரியாவைப் பற்றி எதுவும் கூறாது.

ஆதலின் சான்று இருந்தாலும் சமையலறைக் கவனத்தைத் தளர்த்தாதீர்கள். மசாலாத் தூளைச் சமைத்த உணவின்மேல் தூவாமல், கொதிக்கும்போதே சேருங்கள். உணவைச் சூடாகவே பரிமாறுங்கள். மீந்ததை 2 மணி நேரத்திற்குள் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். லிஸ்டீரியா அங்கும் வளருமாதலால் நெடுநாள் வைக்காதீர்கள்.

கீமோதெரபி பெறுவோர்க்குக் காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டை எட்டினால், சோதிக்கப்பட்ட உணவைத்தானே உண்டார் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள்.