மாத்திரையை நிறுத்தச் சொல்லாதீர்கள்

ஹெராயின், பிரவுன் சுகர், கரைத்து ஊசியில் ஏற்றும் வலிநிவாரணி மாத்திரைகள் எல்லாம் ஓபியாய்டு வகை. இந்தப் பழக்கத்துக்கு மெத்தடோன், புப்ரெனார்ஃபின் என்று நல்ல மருந்துகள் இருக்கின்றன. ஆனால் பல வீடுகளில் பெற்றவர்களே அவற்றை நிறுத்தச் சொல்கிறார்கள்.

நம்பிக்கை: ஒரு போதையை விட்டு இன்னொன்றைப் பிடிப்பதுதானே இது?

உண்மை: இந்த இரண்டு மருந்துகளும் ஓபியாய்டுதான். அதை மறைக்க வேண்டியதில்லை. வித்தியாசம் வேகத்தில் இருக்கிறது. ஹெராயின் சட்டென்று ஏறிச் சில மணி நேரத்தில் இறங்கும். இறங்கியதும் மூக்கு ஒழுகும், எலும்பெல்லாம் குடையும், வயிறு போகும். அடுத்த பொட்டலத்துக்குப் பணம் புரட்டுவதிலேயே பொழுது கழியும். புப்ரெனார்ஃபின் மெதுவாக ஏறி ஒரு நாள் தாங்கும். சரியான அளவில் எடுப்பவருக்குக் கிறக்கம் இல்லை, வேலைக்குப் போகலாம். ஓர் அளவுக்கு மேல் போனால் அதன் வீரியம் கூடுவதில்லை என்பதால் மூச்சு அடங்கும் ஆபத்தும் குறைவு. மதுவோ தூக்க மாத்திரையோ சேர்ந்தால் மட்டும் அந்தப் பாதுகாப்பு போய்விடும்.

நம் நாட்டின் அரசு மையங்களில் நர்ஸ் மாத்திரையைப் பொடித்து நாக்குக்கு அடியில் வைக்கிறார். கரையும்வரை விழுங்காமல் அவர் கண்ணெதிரே உட்கார்ந்திருக்க வேண்டும். விழுங்கினால் பெரும்பகுதி கல்லீரலிலேயே வீணாகிவிடும். முழுசாகக் கொடுத்தால் வெளியே போய் ஊசியில் ஏறக்கூடும்.

நம்பிக்கை: பத்து நாள் அட்மிட் செய்து உடம்பைச் சுத்தம் செய்தால் போதும்.

உண்மை: அதிகம் உயிர் குடிக்கும் நம்பிக்கை இதுதான். தொடர்ந்து எடுப்பவர் உடம்பு பெரிய அளவையும் தாங்கப் பழகியிருக்கும். சில வாரம் விலகியிருந்தால் அந்தத் தாங்கும் சக்தி போய்விடும். ஏக்கம் மட்டும் போகாது. மறுவாழ்வு மையத்திலிருந்தோ சிறையிலிருந்தோ வந்தவர் பழைய அளவையே ஏற்றினால் மூச்சு நின்றுவிடும். ‘திருந்திட்டான்’ என்று வீடு நிம்மதி அடைகிற அதே வாரங்கள்தான் மிக ஆபத்தானவை. மருந்தைத் தொடர்பவர்களிடம் இறப்பு விகிதம், நிறுத்தியவர்களைவிடப் பாதிக்கும் குறைவு. பிரான்ஸ் 1995-இல் சாதாரண குடும்ப மருத்துவர்களே புப்ரெனார்ஃபின் எழுதித்தரும் நிலையை உருவாக்கியது. 1999-க்குள் அங்கே அளவு மீறிய போதையால் நேர்ந்த சாவுகள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்தன.

அதனால் மருந்து மாதக் கணக்கில், சிலருக்கு வருடக் கணக்கில் நீளும். எப்போது குறைப்பது என்பதை நோயாளியும் மருத்துவரும் பேசி முடிவு செய்யட்டும்.

நம்பிக்கை: மனஉறுதி இருந்தால் மருந்து எதற்கு?

உண்மை: நியூயார்க்கில் வின்சென்ட் டோல், மேரி நிஸ்வாண்டர் என்ற இரு மருத்துவர்கள் 1965-இலேயே, பலமுறை விட்டுப் பார்த்துத் தோற்றவர்கள் மெத்தடோனில் நிலைப்பதைக் காட்டினார்கள். உலக சுகாதார நிறுவனம் 2005-இல் இரண்டு மருந்துகளையும் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது.

நம்பிக்கை: கர்ப்பிணி என்றால் உடனே எல்லாவற்றையும் நிறுத்திவிட வேண்டும்.

உண்மை: கூடாது. திடீரென நிறுத்தினால் கரு கலையலாம், குறைப்பிரசவமும் ஆகலாம். மருந்தோடு பிரசவம் வரை போவதே பாதுகாப்பு. பிறந்த குழந்தைக்குச் சில நாள் நடுக்கம், அழுகை இருக்கக்கூடும். அதற்குச் சிகிச்சை உண்டு.

மருந்தைக் கடையில் நீங்களாக வாங்கித் தராதீர்கள். உடம்பில் ஹெராயின் மிச்சமிருக்கும்போது புப்ரெனார்ஃபின் போட்டால், போதை இறங்கும்போது வரும் அவஸ்தை ஒரேயடியாகப் பாய்ந்து வரும். பயந்துபோய் மறுபடி மருந்துப் பக்கமே வரமாட்டார். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14446 என்ற இலவச எண்ணில் கேளுங்கள்.