முத்தையா முரளிதரனும் முழங்கை விதியும்

சுகாதாரமும் உடற்கல்வியும் - தரம் 11

மாணவர்களே, பேஸ்போல் விளையாட்டில் பந்தை இடுபவர் முழங்கையை மடித்து, பின் விரித்து எறிகிறார். துடுப்பாட்டத்தில் அவ்வாறு எறிந்தால் அது முறையற்ற பந்து. கை தோள் மட்டத்துக்கு உயர்ந்ததிலிருந்து பந்து கையை விட்டு நீங்கும் வரை முழங்கை நீளக்கூடாது என்பதே அடிப்படை விதி. பலர் பிழைவிடும் இடம் இதுதான். முழங்கை மடிந்திருப்பது குற்றமல்ல. மடிந்த முழங்கை நீள்வதே குற்றம். தோட்டத்து மைதானத்தில் மென்பந்து ஆடும்போது "எறிகிறான்" என்று சத்தமிடுபவர்களும் இதைக் கவனிப்பதில்லை.

1920 இல் தென்னிந்தியாவிலிருந்து மலையகத் தேயிலைத் தோட்டங்களுக்கு வேலைக்கு வந்த பெரியசாமி சின்னசாமியின் பேரனே முரளிதரன். 1972 ஏப்ரல் 17 இல் கண்டியில் பிறந்தார். தந்தை முத்தையா பிஸ்கட் தொழிற்சாலை நடத்தினார். புனித அந்தோனியார் கல்லூரியில் மிதவேகப் பந்து வீசிய முரளியை, 14 வயதளவில் பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோ சுழற்பந்துக்கு மாற்றினார். 1992 ஆகஸ்ட் 28 இல் கொழும்பில் அவுஸ்திரேலியாவுக்கு எதிராக முதலாவது டெஸ்ட் போட்டியில் ஆடினார்.

1995 டிசம்பர் 26, மெல்பேர்ண். நடுவர் டெரல் ஹெயார், முரளி எறிகிறார் எனக் கூறி மூன்று ஓவர்களில் ஏழு பந்துகளை முறையற்றவை என அறிவித்தார். 1996 இல் மேற்கு அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகத்திலும் ஹொங்கொங்கிலும் அவரது கை பரிசோதிக்கப்பட்டது. அவரது முழங்கை பிறவியிலேயே முழுமையாக நீளாதது. அதனால் எறிவது போன்ற தோற்றம் மட்டுமே ஏற்படுகிறது என்பது முடிவு. ஆயினும் 1999 ஜனவரியில் அடிலெய்டில் நடுவர் ரொஸ் எமர்சன் மீண்டும் அதே தீர்ப்பை வழங்கினார். அணித்தலைவர் அர்ஜுன ரணதுங்க வீரர்களை எல்லைக்கோடு வரை அழைத்துச் சென்று எதிர்ப்புத் தெரிவித்தார்.

2004 இல் 'தூஸ்ரா' பந்து சந்தேகத்துக்குள்ளானபோது, முழங்கை அசையாதபடி விறைப்பான உறையை மாட்டிக்கொண்டு, கமெராவின் முன் அதே பந்துகளை வீசிக் காட்டினார். அக்காலத்தில் சர்வதேச துடுப்பாட்டப் பேரவை பல பந்துவீச்சாளர்களை அளந்தபோது, குறை காணப்படாத வீரர்களின் முழங்கையும் சிறிதளவு நீள்வது தெரிந்தது. வெறுங்கண் போதாது என்பது உறுதியாயிற்று. 2005 மார்ச் முதல் எல்லோருக்கும் 15 பாகை என்ற ஒரே எல்லை வந்தது. முரளிக்காக விதியை வளைத்தார்கள் என்பது அரைகுறைப் பேச்சு.

2010 ஜூலை 22 இல் காலியில், தனது இறுதி டெஸ்ட் போட்டியில் தான் வீசிய கடைசிப் பந்தில் பிரக்யான் ஓஜாவை ஆட்டமிழக்கச் செய்து 800 ஆவது விக்கெட்டைப் பெற்றார். ஆடியவை 133 போட்டிகள்.

பயிற்சி: முழங்கை மடிந்த நிலையிலேயே பந்து வீசும் ஒருவரின் பந்து முறையானதா? காரணம் தருக.