டனாட்டர்: பீரங்கி வீழ்த்தாத கோட்டை

அரணுக்கெனத் தனி அதிகாரமே வகுத்த வள்ளுவப் பெருந்தகை, உள்ளிருப்போர் செயல்திறம் அற்றவராயின் அரணின் சிறப்பெல்லாம் வீண் என்று அவ்வதிகாரத்தை முடிக்கிறார். ஸ்காட்லாந்தின் கீழைக் கடற்கரையில் சிதைந்து கிடக்கும் டனாட்டர் கோட்டையின் வரலாறோ இக்கருத்தின் மறுபக்கத்தை எண்ணத் தூண்டுவது. அங்கே அரணும் வலியது, உள்ளிருந்தோரும் திறமுடையோர். ஆயினும் கோட்டை பாழாயிற்று. அதனைப் பாழாக்கியது எது என்பதே ஈண்டு நாம் காண முற்படுவது.

ஸ்டோன்ஹேவன் என்னும் சிற்றூருக்குத் தெற்கே ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் தொலைவில், கூழாங்கற்கள் இறுகிச் சேர்ந்த பெரும்பாறையொன்று கடலுக்குள் நீண்டு நிற்கிறது. உயரம் ஏறத்தாழ 50 மீட்டர். மூன்று புறமும் கடல். நிலத்தோடு சேர்ப்பது ஒடுங்கிய ஒரு சிறு பாதையே. பெயரின் முற்பகுதியாகிய 'டன்' என்பது கேலிக் மொழியில் அரணைக் குறிக்கும் சொல். கி.பி. 681இலும் 694இலும் இவ்விடம் முற்றுகையிடப்பட்டதாக அயர்லாந்து ஆண்டுக் குறிப்புகள் கூறுகின்றன. 1297இல் வில்லியம் வாலஸ் இதனைக் கைப்பற்றி, தேவாலயத்துள் புகலடைந்த ஆங்கிலப் படையினரைத் தீக்கிரையாக்கினார் என்பது பிற்காலப் பாவலர் ஒருவர் கூற்று. இறந்தோர் நாலாயிரவர் என அவர் கூறும் தொகையை வரலாற்றுச் செய்தியாகக் கொள்வதினும் கவிஞர்க்குரிய உயர்வு நவிற்சியாகக் கொள்வதே தகும்.

இன்று காணும் இடிபாடுகளின் தொன்மையான பகுதி, பதினான்காம் நூற்றாண்டின் இறுதியில் சர் வில்லியம் கீத் எழுப்பிய கோபுர மாளிகையாகும். திருச்சபைக்குரிய நிலத்தில் கோட்டை எழுப்பினார் எனச் சினந்து, செயின்ட் ஆண்ட்ரூஸ் ஆயர் அவரைத் திருச்சபையினின்று விலக்கினார். 1395இல் போப் பதின்மூன்றாம் பெனடிக்ட், ஈடு செலுத்துமாறு பணித்து அவ்விலக்கை நீக்கினார். நில உரிமை பற்றிய வழக்கிலேயே தொடங்கிய கோட்டை, நில உரிமை பற்றிய மற்றொரு நடவடிக்கையால் முடிவெய்தியது வியப்பிற்குரியதே.

கீத் குடியினர் வழிவழியாக 'மார்ஷல்' என்னும் அரச பதவி வகித்தவர்கள். நாட்டின் முடியையும் வாளையும் செங்கோலையும் காப்பது அப்பதவிக்குரிய கடமை. கோட்டையைத் தாங்கிய பொருள்வளமோ சுற்றிலும் பரந்து கிடந்த பண்ணை நிலங்களில் உழைத்த குடியானவர்களிடமிருந்து வந்தது. 1645இல் மாண்ட்ரோஸ் பிரபு படையோடு வந்து அடிபணியக் கோரியபோது, ஏழாம் மார்ஷல் பிரபு கதவடைத்து உள்ளிருந்தார். சினந்த படையினர் ஸ்டோன்ஹேவனையும் சூழ்ந்த நிலங்களையும் எரித்தனர். மதிலின்மேல் நின்று கலங்கிய பிரபுவிடம், உடனிருந்த சமயகுரு ஒருவர், அப்புகை இறைவனுக்கு நறும்புகையாகும் எனத் தேற்றினாராம். எரிந்தவை குடியானவர்களின் வீடுகள் என்பதை நாம் மறத்தலாகாது. அரண் காத்தது பிரபுவையே, குடிகளை அன்று.

1651ஆம் ஆண்டு சனவரி முதல் நாளில் ஸ்கோன் நகரில் இரண்டாம் சார்லஸ் முடிசூடினார். அவ்வாண்டிலேயே கிராம்வெல்லின் படைகள் நாட்டைப் பற்றிக்கொள்ள, முடியும் வாளும் செங்கோலும் டனாட்டரில் அடைக்கலமாயின. பிரபுவோ சிறைப்பட்டு லண்டன் கோபுரத்தில் இருந்தார். தலைவன் இல்லாத கோட்டையை எழுபது பேரளவில் அமைந்த சிறு படையோடு எட்டுத் திங்கள் காத்தவர் ஜார்ஜ் ஓகில்வி. நம் புறப்பொருள் நூலார் கண்டிருப்பின் நொச்சித் துறைகளுக்கெல்லாம் இவரையே சான்று காட்டியிருப்பர்.

எனினும் மெய்யான வெற்றி பெண்டிருடையது. அரசரின் ஆவணங்களை ஆடையுள் தைத்து மறைத்து, பகைவர் பாசறையூடே நடந்து வெளியேறினார் ஆன் லிண்ட்சே என்னும் நங்கை. கினெஃப் ஊர்ச் சமயகுருவின் மனைவியார் கிறிஸ்டியன் ஃபிளெட்சர், முடி முதலியவற்றை வெளிக்கொணர்ந்தார். ஆளுநர் மனைவியைக் காணச் சென்று, முடியை மடியிலும் ஏனையவற்றைச் சணல் மூட்டையிலும் மறைத்து வந்தார் என்பது ஒரு வழக்கு. கடற்புறமாகக் கயிற்றில் இறக்கியவற்றைக் கடற்பாசி பொறுக்குவார்போல் நின்ற பணிப்பெண் ஏற்றுக்கொண்டாள் என்பது மற்றொன்று. அவை கினெஃப் தேவாலயத்தின் தரைக்கடியில் புதைக்கப்பட்டு 1660 வரை வெளிப்படாதிருந்தன. பெரும் பீரங்கிகள் பத்து நாள் முழங்கியபின், 1652 மே 24இல் ஓகில்வி பணிந்தபோது, பகைவர் தேடி வந்த பொருள் அங்கில்லை. பின்னர்க் கிறிஸ்டியனுக்கு நாடாளுமன்றம் 2000 மெர்க் வழங்கியது. மார்ஷல் பிரபுவின் இளவலோ கின்டோர் பிரபுவாக உயர்த்தப்பெற்றார். பரிசிலின் அளவு உழைப்பின் அளவோடு ஒத்து வரவில்லை.

பீரங்கியால் புண்பட்டும் கோட்டை அழியவில்லை. 1685இல் அரசின் சமய ஆணைக்கு இணங்காத 122 ஆடவரும் 45 பெண்டிரும் இங்கு நிலவறையில் அடைக்கப்பட்டனர். தப்ப முயன்று பாறையினின்று விழுந்து மாண்டோரும் உளர். அருகிலுள்ள இடுகாட்டில் இம்மாண்டோர்க்கு நடுகல் உண்டு. அக்கல்லைத் துலக்கிக்கொண்டிருந்த முதியவரை 1793இல் கண்ட வால்டர் ஸ்காட், பின்னர் அவரை நினைந்தே 'ஓல்டு மார்ட்டாலிட்டி' என்னும் புதினத்துக்குப் பெயரிட்டார்.

கோட்டையின் முடிவு எழுதுகோலால் நேர்ந்தது. பத்தாம் மார்ஷல் பிரபு ஜார்ஜ் கீத், ஸ்டுவர்ட் மரபினர்க்கு அரியணை வேண்டி எழுந்த 1715ஆம் ஆண்டுக் கிளர்ச்சியில் சேர்ந்தார். கிளர்ச்சி தோற்றது, 1716இல் பட்டமும் நிலமும் பறிமுதலாயின. 1720ஐ ஒட்டி நிலங்களை வாங்கியது யார்க் பில்டிங்ஸ் கம்பெனி. தேம்ஸ் ஆற்று நீரை லண்டன் வீடுகளுக்கு வழங்கத் தோன்றிய இந்நிறுவனம், கிளர்ச்சியாளரின் நிலங்களை வாங்கி விற்கும் ஆதாய வேட்டையில் இறங்கியிருந்தது. கூரையும் தளமும் மரங்களும் விலைபோகும் பொருள்களாகக் கழற்றப்பட்டன. கூரை போன பின் எஞ்சியதை மழையும் கடற்காற்றும் பார்த்துக்கொண்டன. கம்பெனியும் கடனில் மூழ்கி, நெடுங்காலம் வழக்குகளில் உழன்று, 1829இல் கலைந்தது.

இவ்விடத்து ஒரு செய்தி கருதத்தக்கது. ஐந்தாம் மார்ஷல் பிரபு, முன்னரே 1593இல், அபர்டீன் நகரில் தம் பதவிப் பெயரால் ஒரு கல்லூரி நிறுவினார். நம் மரபில் வக்ஃபு எனப்படும் அறக்கொடையோடு ஒப்பிடத்தக்க செயல் இது. வழித்தோன்றலின் கிளர்ச்சியால் குடும்ப நிலம் பறிபோயிற்று. கல்விக்கென அளித்தது போகவில்லை. கல்லூரியும் ஊறின்றித் தப்பிவிட்டதெனல் மிகை. கிளர்ச்சிக்கு ஆதரவாளர் எனப் பேராசிரியருட் பெரும்பாலோர் 1717இல் நீக்கப்பட்டனர். எனினும் பாடம் தொடர்ந்தது. 1860இல் கிங்ஸ் கல்லூரியோடு இணைந்து அபர்டீன் பல்கலைக்கழகம் ஆயிற்று.

நாடிழந்த ஜார்ஜ் கீத், பிரஷ்ய மன்னர் ஃபிரெடரிக்கின் தூதராகப் பாரிசில் பணியாற்றினார். நியூஷாட்டெல் ஆளுநராக இருந்தபோது ரூசோவுக்கு அடைக்கலம் அளித்தார். அவர்தம் இளவல் ஜேம்ஸ் கீத், ரஷ்யப் படையில் பணியாற்றி, 1737இல் துருக்கியரின் ஒச்சாக்கோவ் கோட்டை வீழ்ந்தபோது ஒரு சிறுமியை மீட்டுத் தமையனிடம் சேர்த்தார். எமெத்துல்லா என ஏடுகளில் காணும் அவள் பெயர், 'அமத்துல்லாஹ்' என்பதன் திரிபாதல் கூடும். கோட்டை இழந்த பிரபு, கோட்டை வீழ்ச்சியில் உற்றாரை இழந்த முஸ்லிம் சிறுமியைத் தம் மகளெனவே வளர்த்தார்.

1759இல் மன்னிப்புக் கிட்டியது. 1761இல் டனாட்டரை மீட்டும் வாங்கிய பிரபு, ஐந்தாண்டில் அதனை விற்றுவிட்டார். கூரையற்ற சுவர்களிடையே வாழ அவர் விரும்பவில்லை போலும். 1778இல் பொட்ஸ்டாம் நகரில் அவர் காலமானார். பின்னர்க் கைம்மாறி வந்த கோட்டையை 1919இல் கௌட்ரே பிரபுக் குடும்பத்தார் வாங்கினர். 1925 முதல் கௌட்ரே சீமாட்டி இடிபாடுகளைச் செப்பனிடுவித்தார். அன்று கழற்றப்பட்ட கூரைகளுள் ஒன்றிரண்டே மீண்டும் வேயப்பட்டன. ஏனைய அறைகள் இன்றும் வானம் பார்த்தே நிற்கின்றன.