சேவைக்கும் ஒரு படிப்பா?

(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி)

"படித்து என்னவாகப் போகிறாய்?" என்ற கேள்வி, பத்தாம் வகுப்பில் காலடி வைத்த நாள் முதல் எங்களைத் துரத்திக்கொண்டே இருக்கிறது. டாக்டர், என்ஜினீயர், ஆடிட்டர், கலெக்டர் என்று என் தோழியர் உடனே பதில் சொல்லிவிடுகிறார்கள். சென்ற பொங்கலுக்கு வந்த மாமா என்னைக் கேட்டபோது, "சமூகப்பணி படிக்கப் போகிறேன்" என்றேன். மாமா சற்று விழித்தார். "நல்லதும்மா, சேவை செய். அதோடுகூட ஏதாவது படி" என்றார். அன்றிரவு அம்மாவும் அதையே கேட்டார்: "சேவைக்கும் ஒரு படிப்பா? நல்ல மனசு இருந்தால் போதாதா?"

அன்று என்னிடம் பதில் இல்லை. பதில் எங்கள் வீட்டு மாடி அறையிலேயே இருந்தது. என் பெரியம்மா மகள் எங்கள் வீட்டில் தங்கி எம்.எஸ்.டபிள்யூ. படிக்கிறாள். குழந்தை, குடும்ப நலம் அவள் எடுத்துள்ள சிறப்புப் பாடம். வாரத்தில் இரண்டு நாள் அவளுக்குக் களப்பணி. அந்நாட்களில் காலை ஏழரைக்கே பருத்திப் புடவையும் தோள்பையுமாகக் கிளம்பி, மாலையில் செருப்பெல்லாம் புழுதியாக வந்து சேர்வாள். கை கால் கழுவியதும் எழுத உட்கார்ந்துவிடுவாள். யாரைப் பார்த்தாள், அவர்கள் என்ன சொன்னார்கள், தான் என்ன சொன்னாள், எதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம் என்று இப்போது நினைக்கிறாள் - இத்தனையும் களப்பணிப் பதிவேட்டில் வரவேண்டுமாம். வழிகாட்டும் பேராசிரியை அதைப் படித்து ஒவ்வொரு வரிக்கும் கேள்வி கேட்பார். எங்கள் கணக்கு நோட்டில் விழும் சிவப்பு மையைவிட அதில் அதிகம்!

அம்மாவின் கேள்வியை அக்காவிடம் சொன்னேன். அவள் சாப்பிடும்போது எங்கள் எல்லாருக்கும் ஒரு பரீட்சை வைத்தாள். வகுப்பில் பயிற்சிக்காகக் கொடுத்த கற்பனைக் கதை அது. பதினொரு வயதுப் பையன். ஆறாம் வகுப்பு. வாரத்தில் இரண்டு நாள் பள்ளிக்கு வருவதில்லை. ஆசிரியர் கண்டித்தும் பயனில்லை. நீங்கள் என்ன செய்வீர்கள்?

"அவன் அம்மாவைக் கூப்பிட்டுப் புத்தி சொல்வேன்" என்றார் அம்மா. "பணக் கஷ்டமாக இருக்கும், ஏதாவது கொடுத்து உதவலாம்" என்றார் அப்பா. நான், "மாலையில் இலவசமாகப் பாடம் சொல்லித் தருவேன்" என்றேன். அக்கா சிரித்துவிட்டாள். "மூன்று பேருக்கும் நல்ல மனசு. ஆனால் எந்த இரண்டு நாள் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லையே!"

செவ்வாயும் வெள்ளியும். அவை அவ்வூர்ச் சந்தை நாட்கள். அவன் தாய் காய்கறி மூட்டை இறக்க விடியுமுன்னே போய்விடுவாள். வீட்டில் இரண்டரை வயதுத் தங்கை. அங்கன்வாடி திறந்து, அவளை அங்கே விட்டுவிட்டு ஓடினால் பள்ளியில் மணி அடித்திருக்கும். தாமதமாக வந்தால் எல்லார் முன்னும் நிற்க வேண்டும். நிற்பதைவிட லீவு போடுவது மேல் என்று அவனே முடிவு செய்துவிட்டான். இதில் புத்தியோ, பணமோ, என் இலவசப் பாடமோ எங்கே உதவும்?

"அப்படியானால் தங்கையைப் பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் விடச் சொல்லலாமே" என்றேன். "நீ சொல்லக் கூடாது. ‘என்ன செய்யலாமென்று நினைக்கிறீர்கள்?’ என்று அந்தத் தாயைத்தான் கேட்க வேண்டும்" என்றாள் அக்கா. கேட்டபோது அந்தத் தாய் அடுத்த தெருவிலுள்ள தன் சின்னம்மாவைச் சொன்னாள். பக்கத்து வீட்டுப் பாட்டியோடு அவளுக்கு ஆறு மாதமாகப் பேச்சே இல்லையாம். என் யோசனை ஒரு வாரம்கூடத் தாங்கியிருக்காது.

இப்படிக் கேட்பதற்கு ஒரு முறை இருக்கிறது. அமெரிக்காவில் சிகாகோ நகர லயோலா பல்கலைக்கழகத்தில் சமூகப்பணி கற்பித்த பெலிக்ஸ் பீஸ்டெக் என்ற இயேசு சபைக் குரு, 1957இல் வெளியிட்ட நூலில் அதற்கு ஏழு நெறிகளை வகுத்தார். வந்திருப்பவரை அவர் இருக்கிறபடியே ஏற்றுக்கொள்வது, குற்றவாளி என்று தீர்ப்பிடாமல் இருப்பது, அவர் வாழ்க்கையின் முடிவை அவரே எடுக்க விடுவது, அவர் சொன்னதை இரகசியமாகக் காப்பது ஆகியவை அவற்றுள் சில. இன்றும் நம் நாட்டு வகுப்புகளில் இவற்றைக் கற்பிக்கிறார்கள். படிக்கும்போது எளிது என்றுதான் நானும் நினைத்தேன்.

இனி எழுதப் போவது எனக்குப் பெருமை தருவதன்று. இதில் சம்பந்தப்பட்ட தோழியிடம் முன்னதாகவே அனுமதி கேட்டேன். "எழுது, ஆனால் நான் யாரென்று தெரியக் கூடாது" என்றாள். ஆகவே சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

ஒருநாள் அக்கா பதிவேட்டை மேசைமேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். நான் திறந்துவிட்டேன். அதில் பெயர்கள் இல்லை, எழுத்துக்கள் மட்டுமே. ஒரு பக்கத்தில் ‘க’ என்ற பெண். தந்தை குடித்துவிட்டு வந்து அவள் புத்தகங்களைத் தெருவில் எறிகிறார் என்றிருந்தது. எங்கள் வகுப்பில் ஒருத்தியின் புத்தகங்கள் அட்டை போய், ஓரங்கள் உப்பிக் கிடந்தன. அவள்தான் ‘க’ என்று நானே முடிவு கட்டினேன். எனக்கு அழுகையே வந்தது. அந்த இரக்கத்தில் ஒரே ஒரு தோழியிடம், "யாரிடமும் சொல்லாதே" என்று கேட்டுக்கொண்டு சொன்னேன்.

மூன்றாம் நாள் மதிய உணவு வேளையில் வேறொருத்தி அவளிடம் போய், "உங்கள் வீட்டில் படிக்க முடியாவிட்டால் எங்கள் வீட்டுக்கு வா" என்றாள். அவளும் நல்லெண்ணத்தில்தான் சொன்னாள். என் தோழிக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. புரிந்தபின் அவள் டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை. அவள் தந்தை குடிப்பவரே அல்லர். புத்தகங்கள் நனைந்தது, மழைக்கு அவர்கள் வீட்டு ஓடு ஒழுகியதால். இரண்டு வாரம் அவள் கடைசி பெஞ்சில் தனியாக உட்கார்ந்தாள்.

அக்காவிடம் அழுதுகொண்டே சொன்னேன். "அவள்தானா, இல்லையா என்று நீ கேட்டாலும் நான் சொல்லமாட்டேன். ஆனால் அவளாகவே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும், யோசித்தாயா?" என்றாள். அப்புறம் திட்டவில்லை. மறுநாள் தன் பேராசிரியையிடம் தானே போய், "பதிவேட்டை மேசைமேல் விட்டது என் தவறு" என்று ஒப்புக்கொண்டாள். அந்தப் பருவம் முழுவதும் கல்லூரியிலேயே இருந்து எழுதி, அங்கேயே பூட்டிவைத்துவிட்டு வந்தாள். அதனால் ஆறு மணிப் பேருந்து தவறி, எட்டு மணிக்குத்தான் வீட்டுக்கு வருவாள். ஒவ்வொரு நாளும் கதவைத் திறந்துவிட்டது நான்தான். தோழியிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு ஐந்து நாள் பிடித்தது.

இந்த இரகசியத்தைச் சட்டமே கேட்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தில் 74ஆவது பிரிவு என்று ஒன்று உண்டு. பாதுகாப்பு தேவைப்படும் குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி, படம் எதையும் பத்திரிகை முதலியவற்றில் வெளியிடக் கூடாது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே.

அதே சட்டம், பதினெட்டு வயது நிறையாத எல்லாரையும் குழந்தை என்கிறது. (நம்மையும் சேர்த்துத்தான்.) ஆதரவற்ற குழந்தை ஒன்று கிடைத்தால், பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக்குழுவின் முன் கொண்டுவர வேண்டும். அக்குழுவில் தலைவரும் நான்கு உறுப்பினர்களும் இருப்பார்கள். அவர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். குற்றம் செய்ததாகச் சொல்லப்படும் சிறுவரை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தில் ஒரு மாஜிஸ்திரேட்டோடு இரண்டு சமூகப் பணியாளர்களும் அமர்கிறார்கள். குழந்தையை இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழி, முதலில் அதன் குடும்பத்தை நிமிர்த்தப் பார் என்பது இச்சட்டத்தின் நோக்கு. பாவம் என்று உடனே விடுதியில் சேர்ப்பதே உதவி என்று நான் நினைத்திருந்தேன்!

இந்தப் படிப்பு நம் நாட்டுக்கு வந்து ஏறக்குறைய தொண்ணூறு ஆண்டுகள் ஆகின்றன. 1936இல் பம்பாயில் சர் தோராப்ஜி டாட்டா பெயரில் முதல் கல்லூரி தொடங்கியது. அதுவே 1944 முதல் டாட்டா சமூக அறிவியல் நிறுவனம். சென்னையில் 1952இல் சமூகப்பணிக் கல்லூரியை நிறுவியவர் மேரி கிளப்வாலா ஜாதவ் என்ற பார்சிப் பெண்மணி. உதகமண்டலத்தில் பிறந்து, இளம் வயதில் கணவரை இழந்து, பொதுப்பணியில் இறங்கியவர். அவசரத்தில் குழந்தைகள் அழைக்கும் 1098 என்ற எண்ணும், 1996இல் பம்பாய் நிறுவனத்தின் களத்திட்டமாகத் தொடங்கியதுதான். பத்து, ஒன்பது, எட்டு என்று இறங்கு வரிசையில் வருவதால் எழுதப் படிக்கத் தெரியாத குழந்தைக்கும் மறக்காது. இந்த எண்ணை நம் தோழியர் அனைவரும் இப்போதே மனப்பாடம் செய்துகொள்ளலாம்.

படிக்க விரும்புவோருக்கு: பிளஸ் டூவில் எந்தப் பிரிவு எடுத்தாலும் பி.எஸ்.டபிள்யூ. மூன்று ஆண்டு படிக்கலாம். எந்தப் பட்டம் பெற்றவரும் இரண்டு ஆண்டு எம்.எஸ்.டபிள்யூ.வில் சேரலாம். சில இடங்களில் நுழைவுத் தேர்வும் நேர்முகமும் உண்டு. உளவியல், மனையியலில் குழந்தை வளர்ச்சி ஆகியவற்றைப் படித்தவர்களும் இத்துறைக்கு வருகிறார்கள். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, குழந்தைகள் இல்லம், மருத்துவமனை, தொண்டு நிறுவனம் என்று வேலை கிடைக்கும். ஆனால் பல பணிகள் ஒப்பந்த அடிப்படையில்தான். சம்பளம் அதிகமில்லை என்பதையும் அக்கா மறைக்கவில்லை.

அதைக் கேட்டதிலிருந்து அப்பா பிடிகொடுக்காமல் இருக்கிறார். "பிளஸ் டூ முடி, பார்க்கலாம்" என்கிறார். நானும் வற்புறுத்தவில்லை. இந்த வேலைக்கு என்னை நானே இன்னும் சோதித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அம்மா இப்போது அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. சென்ற வாரம் தெரிந்த அத்தை ஒருவர் வந்து, அடுப்படியில் அம்மாவிடம் அரைமணி நேரம் ஏதோ சொல்லி அழுதுவிட்டுப் போனார். அவர் வாசல் தாண்டியதும், "என்னவாம் அம்மா?" என்று கேட்டேன்.

"உனக்கெதற்கு? போய்ப் படி" என்று சொல்லிவிட்டு அம்மா குழம்பைக் கிளறப் போய்விட்டார்.